மார்த்தா அம்மாவின் காலடி மண்

எனக்கு எழுபத்திரண்டு வயது. பெற்றது நாலு, வளர்த்தது ஆறு. மற்ற இரண்டும் என் தங்கச்சி விட்டுப்போன பிள்ளைகள். ஆறு பேருமே தங்கள் காலில் நிற்கிறார்கள். நான் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் வாசிப்பேன். இலக்கம் மட்டும் தடங்கல் இல்லாமல் வரும். அந்த இலக்கத்தை வைத்துக்கொண்டே பதினெட்டு வருஷம் உத்தியோகம் பார்த்தேன். இதை நான் சொல்லச் சொல்ல என் பேத்தி ஜெனி எழுதுகிறாள்.

எங்கள் சேவை நிலையத்தில் இப்போது பொறுப்பாக இருக்கும் பிள்ளைதான் இதைக் கேட்டது. "வெளிநாட்டுல இருந்து தொண்டு செய்ய வாறவங்களுக்குக் குடுக்க ஒரு சின்னப் புத்தகம் போடுறோம் ஆரோக்கியம் அக்கா. நீங்க வேலை செஞ்ச காலத்தப் பத்தி நாலு பக்கம் தாங்க" என்றாள். இப்போது வருகிறவர்கள் இரண்டு வாரத்துக்கு வருகிறார்கள். சுவருக்கு நிறம் பூசுகிறார்கள், பிள்ளைகளோடு பந்து அடிக்கிறார்கள், அட்டை கடித்தால் அழுகிறார்கள், திரும்பிப் போகிற அன்றும் அழுகிறார்கள். நான் குறை சொல்லவில்லை, தங்கமான பிள்ளைகள். ஆனால் என்னைக் கேட்டால் நான் மார்த்தா அம்மாவைப் பற்றித்தான் சொல்வேன்.

கலஹாவைத் தாண்டி தெல்தோட்டைப் பக்கம் போகும் பாதையில் இறங்கி, தேயிலை மலையைச் சுற்றிக்கொண்டு ஏறினால் எங்கள் மேற்கணக்கு வரும். தோட்டத்தின் ஒவ்வொரு பிரிவையும் நாங்கள் கணக்கு என்போம். வரிசை வீடுகளாக ஆறு லயம், தண்ணீர் பிடிக்க ஒரு பீலி, ஒரு மாரியம்மன் கோயில், ஒரு மாதா சொரூபம், ஒரு பிள்ளை மடுவம். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடம்தான் மடுவம். நானும் கொழுந்து பறித்தேன், பிறகு அந்த மடுவத்தில் பிள்ளை பார்த்தேன். நிலையத்தார் வந்து, பிள்ளைகளின் வளர்ச்சியைப் பார்க்க உள்ளூர் ஆள் ஒருத்தி வேண்டும் என்றபோது தோட்டத்தார் என் பெயரைக் கொடுத்தார்கள். கண்டியில் ஒரு மடத்தில் பதினாறு நாள் பயிற்சி நடந்தது. பாதி விளங்கியது. பாதியைத் தலையாட்டிச் சமாளித்தேன். பதினேழாம் நாள் மார்த்தா அம்மாவுக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்தேன்.

அவர் நெதர்லாந்துக்காரர். அங்கே முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்துவிட்டு, சம்பளம் வாங்காமல் மூன்று வருஷம் எங்களோடு இருக்க வந்தவர். நல்ல உயரம். லயத்து வாசலில் குனிந்துதான் நுழைய வேண்டும். ஆனால் குனிவதற்கு முன் ஒரு வேலை செய்வார். வாசற்படிக்கு வெளியே நின்று, உள்ளேயிருந்து "வாங்க" என்ற சொல் வரும்வரை காத்திருப்பார். மழையில் நனைந்தாலும் நிற்பார். எங்கள் லயத்துக்கு வந்த துரைமாரும் உத்தியோகத்தரும் எத்தனையோ பேர். யாரும் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் கத்த மாட்டார். கழுத்தில் நூலில் தொங்கும் கண்ணாடியை எடுத்துச் சட்டை நுனியால் துடைப்பார். அதைப் பார்த்தாலே நாங்கள் ஒதுங்கிவிடுவோம்.

தமிழை மூன்று மாதம் படித்துவிட்டு வந்திருந்தார். அந்தத் தமிழ் என் ஒருத்திக்குத்தான் விளங்கும். அதனால் அவர் பேசும் தமிழைத் தாய்மாருக்குத் தமிழில் சொல்வதும் என் வேலையாகிவிட்டது. ஆனால் நாங்கள் பேசுவதை அவர் எவ்வளவு விளங்கிக்கொள்கிறார் என்று யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியவில்லை.

முதல் வீட்டில் நடந்ததைச் சொல்லத்தான் வேண்டும். அந்த வீட்டில் இருந்த ஒரே கதிரையைத் துடைத்து, மேலே துவாய் விரித்துப் போட்டார்கள். மார்த்தா அம்மா உட்காரவில்லை. வீட்டுக்காரியைக் காட்டி, "அம்மா உட்காரவில்லை. நான் உட்காரவில்லை" என்றார். வெள்ளைக்கார நோனா முன்னால் எப்படி உட்காருவது என்று அவளும் நிற்கிறாள். கதிரை மட்டும் சும்மா இருக்கிறது. கடைசியில் நான் ஒரு சாக்கை எடுத்துத் தரையில் விரித்தேன். மூன்று பேரும் அதில் உட்கார்ந்தோம். அந்த வீட்டுக் கிழவர் வாசலில் இருந்தபடி, "தொரமாரு வந்தா நாம நின்னோம். இந்தம்மா வந்து நம்மள நிக்கவும் உடமாட்டேங்குதே" என்றார். அன்றிலிருந்து அவர் வரும் நாளில் எல்லா வீட்டிலும் சாக்கு விரித்திருக்கும்.

எடை பார்ப்பதை அவர் எனக்குச் சொல்லித் தந்த விதத்தை இன்றைக்கும் நான் மறக்கவில்லை. தராசு மடுவத்துக் கூரை வளையில் கொக்கி போட்டுத் தொங்கும். முதலில் பிள்ளை உட்காரும் துணிச் சட்டையை வெறுமையாக மாட்டி, முள் சுழியத்துக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஐந்து கிலோ அரிசிப் பையை மாட்டி, ஐந்து காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு நாள்கூட அதை விடக் கூடாது. பிள்ளையின் உடுப்பைக் களைந்து மாட்ட வேண்டும். பிள்ளை உதைக்கும், கத்தும். முள் ஆடும். அது அடங்கும் மட்டும் பொறுக்க வேண்டும். முள் நம் கண்ணுக்கு நேரே இருக்க வேண்டும். அண்ணாந்து பார்த்தால் ஒரு எடை, குனிந்து பார்த்தால் ஒரு எடை. நான் குட்டை, அதனால் எனக்கென்று ஒரு மரப்பெட்டி செய்வித்தார்.

அரைஞாண் கயிற்றையும் தாயத்தையும் கழற்றச் சொன்னபோதுதான் முதல் சண்டை வந்தது. ஒரு தாயும் சம்மதிக்கவில்லை. "கவுறு கழட்டுனா புள்ளைக்கு ஆகாதுங்க" என்று ஒரே பிடி. மார்த்தா அம்மா கண்ணாடியைத் துடைத்தார். நான் புதிதாக ஒரு தாயத்தும் கயிறும் கொண்டுவந்து, அதை மட்டும் தராசில் மாட்டினேன். முள் அசையவே இல்லை. எல்லோரும் சிரித்தார்கள். மார்த்தா அம்மாதான் அதிகம் சிரித்தார். "தாயத்து இருக்கலாம்" என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

இனி லெச்சுமியின் பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன்.

லெச்சுமி இரண்டாம் லயத்துக்காரி. முதல் பிள்ளை மூன்றாம் மாதத்தில் தவறிப்போனது. இரண்டாவது பெண், பெயர் சரண்யா. பத்து மாதத்தில் ஒன்பது கிலோவுக்கு மேல். எங்கள் பக்கத்தில் பிள்ளையை வாயால் புகழ மாட்டோம். கண் பட்டுவிடும். கொழுத்த பிள்ளையைப் பார்த்தால், "என்னடி இது, காஞ்ச கருவாட்டத் தூக்கிட்டு வாற" என்போம். அதைக் கேட்டுத் தாய்க்கு மனம் குளிரும். நான் வேதக்காரி, கண்ணேறு பார்ப்பது தப்பு என்று சாமியார் சொல்லியிருக்கிறார். ஆனாலும் என் பிள்ளைகளை நானும் கருவாடு என்றுதான் வளர்த்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை கண்டியிலிருந்து நிலையத்துப் பெரியவர்கள் எங்கள் வேலையைப் பார்வையிட வந்திருந்தார்கள். மடுவம் நிறைய ஆட்கள். நான் புதுச் சேலை உடுத்தி, என் மரப்பெட்டியில் ஏறி நின்றேன். சரண்யாவை மாட்டினேன். முள் ஏறியது. மார்த்தா அம்மா பார்த்துவிட்டு, மெதுவாகத்தான் சொன்னார்: "எடை நல்லது. அம்மாவுக்கு நன்றி."

அவ்வளவுதான் அவர் சொன்னது. அதைத் தமிழில் சொல்ல வேண்டியவள் நான். கண்டிக்காரர்கள் பார்க்கிறார்கள், என் கணக்கு, என் தராசு, என் பிள்ளைகள் என்ற நினைப்பில், "பாத்தீங்களா! இந்தக் கணக்குலயே இப்பிடி ஒரு புள்ள கெடையாது! வெண்ணெய உருட்டி வச்ச மாதிரி எப்பிடிக் கொழுகொழுன்னு இருக்கு! நோனா சொல்றாங்க, எல்லாரும் கை தட்டுங்க!" என்று சத்தம் போட்டேன். எல்லோரும் தட்டினார்கள். லெச்சுமியின் முகம் செத்துப்போனது. பிள்ளையைப் பிடுங்குவதுபோல வாங்கி, முந்தானையால் மூடிக்கொண்டாள். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, "அடுத்தது யாரு?" என்றேன்.

சனிக்கிழமை காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக் கலைந்து ஆட்கள் மலைக்குப் போகும் நேரம், பக்கத்து வீட்டுப் பேச்சி ஓடிவந்தாள். "அக்கா, லெச்சுமி புள்ளைக்கு நேத்துல இருந்து வயித்தால போகுது. வாந்தியும். கதவச் சாத்திக்கிட்டு இருக்காங்க" என்றாள்.

போனேன். வாசலில் குறுக்கே லெச்சுமியின் மாமியார் உட்கார்ந்திருந்தாள்.

"நீ வா ஆரோக்கியம். அந்த வெள்ளக்காரி மட்டும் இந்தப் படிய மிதிக்கக் கூடாது. கண்ணா அது? கொள்ளிக்கண்ணு. ஊரக் கூட்டிக் கை தட்ட வச்சுல்ல புள்ளயப் பாத்துச்சு!"

நான் அவளைத் தாண்டி உள்ளே போனேன். பிள்ளையின் கண் குழி விழுந்திருந்தது. அழுகிறது, கண்ணீர் வரவில்லை. உச்சிக்குழி பள்ளமாக இறங்கியிருந்தது. பயிற்சியில் சொன்னபடி வயிற்றுத் தோலை இரண்டு விரலால் பிடித்து விட்டேன். விட்டதும் படிந்து போக வேண்டிய தோல் மடிப்பு அப்படியே நின்றது.

"தண்ணி குடுத்தீங்களா?"

"குடுத்தா இன்னும்ல போகும்" என்றாள் மாமியார். முந்தின நாள் பொழுது சாய்ந்ததிலிருந்து சொட்டுத் தண்ணீர் கொடுக்கவில்லை.

ஆறிய தண்ணீரில் சீனியும் உப்பும் அளந்து கரைத்து, கரண்டி கரண்டியாக ஊட்டினேன். கக்கியது. பொறுத்து, மறுபடி ஊட்டினேன். மறுபடி கக்கியது.

"லெச்சுமி, கெளம்பு. பேராதனைக்குக் கொண்டு போயிரணும். இங்க வச்சிருந்தா தாங்காது."

"மொதப் புள்ளயையும் தூக்கிட்டுத்தான் அக்கா ஓடுனேன். வெறுங்கையோட வந்தேன்" என்றாள். அழவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னாள். "கண்ணு கழிக்காம எங்கயும் தூக்க மாட்டேன்."

மாமியார் உடனே பிடித்துக்கொண்டாள். "யாரு கண்ணு பட்டுச்சோ அவுங்க காலடி மண்ணு வேணும். துரைச்சாணி குடுக்குமா? அது காலுல மண்ணெடுக்க ஒனக்குத் தைரியம் இருக்கா?"

அந்த நேரம் மார்த்தா அம்மா ஓட்டும் நிலையத்து ஜீப் கீழே வந்து நின்றது. பேச்சிதான் ஆள் விட்டிருந்தாள். மார்த்தா அம்மா படியேறி வந்து, வழக்கம்போல வாசலுக்கு வெளியே நின்றார். உள்ளேயிருந்து யாரும் "வாங்க" என்று சொல்லவில்லை. அவரும் வரவில்லை. நான்தான் வெளியே போனேன். லயத்துப் பெண்கள் எல்லோரும் வீட்டுக்கு வீடு காம்பரா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, புள்ளைக்கு ரொம்ப முடியல. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேங்கிறாங்க. கண்ணு பட்டுருச்சின்னு சொல்றாங்க."

"யாருடைய கண்?"

நான் என் கால்விரலைப் பார்த்தேன். "ஒங்களோடதுன்னு சொல்றாங்க."

'சொல்றாங்க' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அந்தப் புகழ்ச்சி என் வாயிலிருந்து வந்தது, அவர் சொன்னது இரண்டே வசனம் என்று அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சொன்னால் மண் என் காலடியில் எடுப்பார்கள். அதன் பிறகு எந்தத் தாய் என் கையில் பிள்ளையைத் தருவாள்? இதெல்லாம் மூச்சு விடும் நேரத்தில் மனதில் ஓடியது. வாய் திறக்கவில்லை.

மார்த்தா அம்மா என்னைப் பார்த்தார். சும்மா பார்க்கவில்லை, நெடுநேரம் பார்த்தார். கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"என்ன செய்ய வேண்டும்?" என்றார்.

"ஒங்க காலடி மண்ணு வேணும்."

அவர் படியில் உட்கார்ந்தார். சப்பாத்து நாடாவை அவிழ்த்தார். காலுறையைக் கழற்றிச் சப்பாத்துக்குள் வைத்து, இரண்டையும் சேர்த்து ஓரமாக வைத்தார். எழுந்து, மழை பெய்து ஊறியிருந்த செம்மண்ணில் இரண்டு பாதத்தையும் அழுத்தி வைத்து நின்றார். பிறகு ஒதுங்கினார். "எடுங்கள்" என்றார். அந்த வெள்ளைப் பாதம் பதிந்த இடத்தில் குனிந்து, இடக்காலில் ஒரு பிடி, வலக்காலில் ஒரு பிடி எடுத்தேன். முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் உத்தியோகம் பார்த்த மனுஷி. தன் கண் பொல்லாத கண்தான் என்று ஒரு லயமே பார்க்க ஒத்துக்கொண்டு நிற்கிறார்.

மாமியார் அந்த மண்ணோடு உப்பும் காய்ந்த மிளகாயும் சேர்த்து, பிள்ளையை மூன்று சுற்றுச் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடி ஏறவில்லை. "பாத்தியா, கமறவே இல்ல! அம்புட்டும் கண்ணு!" என்றாள். லெச்சுமி எழுந்தாள். பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு, மார்த்தா அம்மாவைத் தாண்டிப் போய் ஜீப்பில் ஏறினாள்.

அந்தப் பாதையில் எத்தனை வளைவு முடக்கு என்று ஏறி இறங்கிய எல்லோருக்கும் தெரியும். முடக்குக்கு ஒரு கரண்டி என்று ஊட்டிக்கொண்டே போனேன். கலஹாக் கடைவீதி தாண்டும் மட்டும் கக்கியது. அதற்குப் பிறகு இரண்டு கரண்டி தங்கியது. மூன்றாவதும் தங்கியது. அப்போதுதான் முன்னால் பார்த்தேன். மார்த்தா அம்மா வெறுங்காலோடு ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். சப்பாத்து லயத்து வாசலிலேயே கிடந்தது.

ஆஸ்பத்திரியில் உடனே படுக்க வைத்து சேலைன் ஏற்றினார்கள். டொக்டர், "இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தா..." என்று தொடங்கி, லெச்சுமியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பின்னேரம் பிள்ளை கண் விழித்து அழுதது. கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. ஒரு பிள்ளையின் கண்ணீரைப் பார்த்து நான் தேவனுக்கு நன்றி சொன்னது அன்றைக்கு மட்டும்தான்.

வெளியே மர வாங்கில் மார்த்தா அம்மா உட்கார்ந்திருந்தார். தரையெல்லாம் அவருடைய செம்மண் பாதம் பதிந்திருந்தது. கூட்டுகிற பெண் முணுமுணுத்துக்கொண்டே துடைத்துவிட்டு, போகும்போது பழைய செருப்புச் சோடி ஒன்றை அவர் பக்கம் தள்ளிவிட்டுப் போனாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, நான் ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்" என்றார். "செவ்வாய்க்கிழமை நான் கொஞ்சம் பேசினேன். நீங்கள் நிறையப் பேசினீர்கள். வெண்ணெய் எனக்கு விளங்கும்."

எனக்குத் தலை நிமிரவில்லை. "அப்புறம் ஏம்மா மண்ணு குடுத்தீங்க?"

அவர் தமிழைத் தேடித் தேடிச் சொன்னார். "நான் போவேன். நீங்கள் இங்கே இருக்க வேண்டும். அம்மாமார் உங்களிடம் வர வேண்டும். என்னிடம் வரவில்லை என்றால் பரவாயில்லை."

அந்தப் பழைய செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு எழுந்தார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

சரண்யா ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தாள். அடுத்த செவ்வாயிலிருந்து வேலைமுறை மாறியது. எடையை யாரும் வாயால் சொல்வதில்லை. பிள்ளையின் வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்து, தாய்க்கு மட்டும் திருப்பிக் காட்டுவேன். கூடியிருந்தால் தலையசைப்பேன், குறைந்திருந்தால் மாலையில் வீட்டுக்குப் போய்ச் சாக்கில் உட்கார்ந்து பேசுவேன். மார்த்தா அம்மா ஒரு வார்த்தை சொன்னால் நானும் ஒரு வார்த்தைதான் சொல்வேன். ஒரு மாதத்தில் அவரும் பிள்ளைகளைப் பார்த்து, "என்ன இது, கருவாடு!" என்று சொல்லப் பழகிவிட்டார். அவர் வாயில் அது 'கரிவாடு' என்று வரும். தாய்மார் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். மூன்று மாதம் கழித்து லெச்சுமியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மார்த்தா அம்மாவின் கையில் மட்டும் கொடுக்கவில்லை. என் கையில் கொடுத்தாள்.

அப்படியே மூன்று வருஷம் ஓடியது. அவர் போன பிறகு, அவர் சொன்னதுபோலவே தாய்மார் என்னிடம் வந்தார்கள். எத்தனையோ பிள்ளைகள் அந்தத் தராசில் ஏறி இறங்கி, நடந்து, பள்ளிக்கூடம் போய், இன்றைக்குக் கெலிஓயாவிலும் கண்டியிலும் வேலை பார்க்கிறார்கள். பாதையில் கண்டால் "அக்கா" என்று நிற்கிறார்கள். எனக்குக் கிடைத்த அந்த மரியாதை அவர் தந்தது. பெற்றவர்களுக்கு அடுத்தபடியாக என் செபத்தில் அவர் பெயரைச் சொல்கிறேன்.

ஆனால் எங்கள் கணக்கில் இன்றைக்கும் ஒரு பிள்ளை சுகமில்லாமல் போனால், "வெள்ளக்காரி கண்ணு பட்ட மாதிரி" என்று ஒரு பேச்சு இருக்கிறது. சின்னப் பெண்களும் சொல்கிறார்கள். எந்த வெள்ளைக்காரி, என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் சொல்லும்போதெல்லாம் நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். இத்தனை வருஷமும் அந்தப் பேச்சைத் திருத்தவில்லை. இந்தப் புத்தகத்தில் அது திருந்த வேண்டும்.

ஆனால் அச்சான பிறகு லெச்சுமி இதை யாரோ வாசிக்கக் கேட்டுத் தெரிந்துகொள்வது முறையில்லை. அதனால் இன்று ஞாயிறு பூசை முடிந்ததும் அவளைத் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டேன். இப்போதுதான் வந்தாள்.

"என்னாக்கா, என்னமோ சொல்லணும்னு ஆளனுப்பியிருக்கீங்க. ஒடம்புக்கு என்னமும் முடியலயா?"

"ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீ மொதல்ல உக்காரு."

உட்கார்ந்துவிட்டாள். தேத்தண்ணியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறாள். என் வாயால் சொன்னால் மறுபடியும் ஏதாவது கூட்டிச் சொல்லிவிடுவேன்.

ஜெனி, எழுதினது போதும் புள்ள. மேல இருந்து வாசி. லெச்சுமிக்குக் காது கொஞ்சம் மந்தம், சத்தமா வாசி. நான் கை தட்டச் சொன்ன எடம் வந்தா மட்டும் நிறுத்தாத.